மிளகு போட்ட டப்பா

எங்கள் வீட்டில் எந்த டப்பா மேலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. பருப்பு வாங்கிய டப்பாவில் சோடா உப்பு இருக்கும், ஊறுகாய் பாட்டிலில் பினாயில் இருக்கும். எதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. தம்பி மனைவி நகரிப் பக்கத்துத் தெலுங்குப் பெண், நாத்தனாரான என்னை 'வதினா' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து டப்பாக்களுக்குப் பெயர் எழுத ஆரம்பித்தாள். "இது இன்னாம்மா, மளிகைக் கடையா?" என்று சிரித்தேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அன்றைக்கு நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர்களுக்கு ஏழு வருடம் குழந்தை இல்லை. ஒரு பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு மலைப்படி அத்தனைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். பிறந்தான். அவனுக்கு மூன்று வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் படி பூஜைக்குக் கிளம்பினோம். நான் குனிந்து கற்பூரம் ஏற்ற, பின்னாலேயே அவன் தாவித் தாவி வந்தான். ஐம்பது படியிலேயே "தூக்கு" என்று உட்கார்ந்துவிட்டான். அவனை ஏற்றுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்துப் படிக்கு ஒரு கல்கண்டு. கையில் ஒரு சிவப்பு மூடி டப்பாவில் கல்கண்டு கொண்டுபோயிருந்தேன். டப்பாவைக் கிலுகிலுவென்று ஆட்டுவேன், அவன் எழுந்து ஓடிவருவான். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது டப்பா காலி.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கற்பூரம் பத்து வில்லை மிச்சம். பொட்டலம் கிழிந்திருந்தது. காற்றுப் பட்டால் கற்பூரம் கரைந்துவிடுமே என்று, மூடி இறுக்கமாக இருந்த அந்தச் சிவப்பு டப்பாவிலேயே போட்டேன். கரையாமல் இருக்க நாலு மிளகும் போட்டு, சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். சிக்கனமானவள், சுத்தக்காரி என்று ஊரில் எனக்குப் பெயர்.

மறுநாள் தம்பி அரக்கோணத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். "வதினா, குளிச்சிட்டு வந்துர்றேன், இவன கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து அவன் அழுதுகொண்டே வந்தான். "காரம், காரம்" என்று நாக்கை நீட்டினான். தரையில் ஒரு மிளகைத் துப்பியிருந்தான். அடுக்களையில் எதையோ கிளறியிருக்கிறான் என்று நினைத்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி, காரம் போகச் சர்க்கரை போட்ட பாலை ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தேன். அவனும் மடமடவென்று குடித்தான்.

கால் மணி நேரம் போயிருக்கும். பாலை வாந்தி எடுத்தான். கண் மேலே செருகியது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் பீரோ சாவிக்கொத்தை அவன் கைக்குள் திணித்துக்கொண்டு கத்தினேன். ஈரத் தலையோடு அவள் ஓடிவந்தாள். எதிரில் வண்டி மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய், கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல் வந்து குழந்தையைத் தூக்கினார். தூக்கியவர் ஒரு நொடி நின்றார்.

"அக்கா, கொழந்த வாய்ல கற்பூர வாசன அடிக்குதே?"

"எங்க வூட்ல எப்பவும் அந்த வாசனதான் பாய். நேத்து படி பூஜ. நீங்க கடைல நிக்கற ஆட்டோவ எடுங்க."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குக் கழுதை நான்தான். விடிந்தால் பொழுது போனால் கற்பூரத்திலேயே புழங்கிய மூக்கு எனக்கு. கற்பூரம் ஏற்றாத வீட்டிலிருந்து வந்தவருக்குத்தான் அது தெரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது மூக்கைப் பற்றி அல்ல. ஆட்டோ ரயில்வே கேட் தாண்டியபோது எனக்கு அந்த மிளகு ஞாபகம் வந்தது. அடுக்களையில் மிளகு மேல்தட்டில் இருக்கிறது, அவனுக்கு எட்டாது. அவனுக்கு எட்டும் மிளகு அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் அவள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். "ஏதாவது சாப்ட்டானா? மாத்திரை, எலி மருந்து, மண்ணெண்ணெய்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"பால் குடிச்சான். மொளகு கடிச்சான்" என்றேன்.

அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா, காய்ச்சல் இருந்ததா என்று டாக்டர் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் அவனுக்கு இரண்டாவது முறை இழுத்தது. நான் சுவரோரம் நின்று முருகா முருகா என்றேன். முருகனிடம் சொன்னதை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்களை இறக்கிவிட்டதும் பாய் திரும்பிப் போயிருந்தார். இப்போது மூச்சு வாங்க வந்தார். கையில் சிவப்பு மூடி டப்பா.

"கதவு தொறந்தே கெடந்துச்சு, சாத்தலாம்னு போனேன். பீரோ பின்னால இது கெடந்துச்சுக்கா." டப்பாவை டாக்டரிடம் நீட்டவில்லை, என்னிடம்தான் நீட்டினார். குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றார்.

சொன்னேன்.

"எத்தனை இருந்துச்சு?" என்றாள் டாக்டர். பத்து என்றேன். திறந்து எண்ணினாள். ஆறு இருந்தது. "இத வந்த ஒடனே சொல்லக் கூடாதாம்மா? பாலும் குடுத்திருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். தம்பி மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டில் பாய் கேட்டதும் நான் சொன்ன பதிலும் அவள் காதிலும் விழுந்தவைதான். டாக்டர் பின்னாலேயே உள்ளே போனாள்.

அன்றே திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். பிழைத்துக்கொண்டான். தம்பி, "வுடுக்கா, வேணும்னா செஞ்ச?" என்றான். டப்பாவை வேண்டுமென்று வைக்கவில்லை, வாஸ்தவம். ஆட்டோவில் வாயை மூடிக்கொண்டது வேண்டுமென்றுதான். குழந்தை போய்விடுமோ என்கிற பயத்தைவிட, நான்தான் காரணம் என்று தெரிந்துவிடுமோ என்கிற பயம் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது. இதைத் தம்பியிடம் இதுவரை சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் அவர்கள் தம்பியின் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அரக்கோணத்துக்குக் குடிபோனார்கள். நானும் ஆமாம் ஆமாம், அதுதான் சௌகரியம் என்றேன். இப்போது என் வீட்டில் எல்லா டப்பாவிலும் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது. படிக்க வீட்டில் நான் ஒருத்திதான்.

போன கிருத்திகைக்கு வந்தார்கள். அவனுக்கு இப்போது ஐந்து வயது. தேங்காய் பர்ஃபி செய்திருந்தேன். ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கியவன் வாயில் போடவில்லை. மூக்குக்கு அருகில் கொண்டுபோய் நன்றாக மோந்து பார்த்தான். அவன் அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னாடா இது புதுப் பழக்கம்?" என்றேன்.

"மோந்து பாத்துட்டுதான் துன்னணும். அம்மா சொல்லிச்சு."

"நல்ல பழக்கம்தான். யாரு குட்த்தாலும் அப்படித்தான் செய்யணும்."

அவன் தலையை ஆட்டினான். "யாரு குட்த்தாலும் இல்ல. அத்த குட்த்தா."