லண்டன் வீட்டுக்கார அம்மா ரெம்பியாவுக்கு வந்தபோது

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்களில், சுற்றுலா நிர்வாகம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினேன். அப்பா மலாக்காவில், ரெம்பியா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தார் என்று சந்தேகப்பட்டு, ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அவரை எல்லார் முன்னாலும் அறைந்திருந்தான். அந்தக் கோபத்தோடுதான் போனேன்.

லண்டனில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு விதவை. நான் மலாக்காக்காரன் என்றதும் அவர் முகம் மாறியது.

“என் மகன் அங்கேதான் சண்டையில் இறந்தான். அது எப்படிப்பட்ட ஊர்?”

சிப்பாயின் தாய் என்றதும் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். மறுநாள் வழக்கம்போல் டீ கொண்டுவந்து வைத்தார். மறுபடி எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அவரை உட்காரச் சொல்லி, ரப்பர் மரங்களுக்கிடையே விடியற்காலையில் இறங்கும் பனியைப் பற்றிச் சொன்னேன்.

படித்து முடித்து ஊர் திரும்பினேன். மலாக்காவில் ஊரடங்கு நீங்கியதும், மகன் இறந்த இடத்தைப் பார்க்க அந்த அம்மா வந்தார். அவரை எங்கள் வீட்டு வாசலில் நிற்கவைத்துவிட்டு, யாரென்று அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா வாசலை எட்டிப் பார்த்தார்.

“புள்ளைய பறிகொடுத்துட்டு இவ்ளோ தூரம் வந்திருக்காங்க. வெயில்ல நிக்க வைக்காத லா. உள்ள கூட்டிட்டு வா.”

அன்று மதியம் அப்பா மீனில் முள்ளெடுத்து அந்த அம்மாவின் தட்டில் வைத்தார்.

அறைந்தவனை அப்பா மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. என் கோபத்தைத்தான் அதன்பிறகு பழையபடி சுமக்க முடியவில்லை.