சேலைத்துணி கட்டிய கிடா

மதுரைக்கு வெளியே ஓர் இறைச்சி ஆலையில், வந்திறங்கும் ஆடுகளின் காதுவில்லை எண்களைக் கணினியில் பதிவது என் வேலை. பேரையூர்ப் பக்கமிருந்து கிடா கொண்டுவரும் அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெயிலில் கறுத்த முகம், ஓரமெல்லாம் கிழிந்த முந்தானை. நோய்க்கு ஊசி போட்ட ஆட்டின் கழுத்தில், அந்த முந்தானையிலிருந்தே ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிவிடுவார்.

அன்று இறக்கிய எட்டுக் கிடாக்களில் ஒன்றின் கழுத்தில் துணி இருந்தது. வேன்காரர் கவனிக்காமல் ஏற்றிவிட்டாராம். அதை மட்டும் அந்தப் பெண் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இதுக்கு ஊசி போட்டு நாலு நாளுதான் ஆச்சு தம்பி. இப்ப அறுத்தா தின்னுறவுகளுக்கு ஆகாது. பெறகு கொண்டாரேன்.”

“சரிக்கா,” என்றேன்.

அவர் அதன் காதுவில்லையைத் தொட்டுப் பார்த்தார்.

“இம்புட்டு நம்பரு போட்டிருக்கீகளே, ஊசி போட்டத இது சொல்லாதா?”

“சொல்லும்க்கா.”

வேன் வருவதற்கு முன்பே, வேன்காரர் போனில் அனுப்பிய எண்களை வைத்து, வழக்கம்போல யாரையும் கேட்காமல், எட்டு எண்களுக்கும் ‘மருந்து தரப்படவில்லை’ என்று பதிந்து முடித்திருந்தேன். அவர் அந்தக் கிடாவை மறுபடி வேனில் ஏற்றிக்கொண்டு போகும்வரை, அவருக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும், திரையை உடம்பால் மறைத்துக்கொண்டே நின்றேன்.