தேவலைங்க

என் கணவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை அவருக்கு. கடைக்குள் அந்தச் சொல் ஆகாது. கேட்ட கரை கடையில் இல்லாவிட்டால், "நாளைக்கு வந்துரும்ங்கம்மா, அதுவரைக்கும் இதைப் பாருங்க" என்று வேறொரு சேலையை விரிக்க வேண்டும். கடைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உப்பு இல்லை என்று நான் சொன்னால் முகம் சுளிப்பார். "உப்பு வாங்கணும்னு சொல்லு புள்ள" என்பார்.

நான் சமயநல்லூர்ப் பக்கம் வயலும் மாடுமாக வளர்ந்தவள். எங்கள் வீட்டில் மாடு படுத்துவிட்டால் படுத்துவிட்டது என்போம். மழை பொய்த்தால் பொய்த்தது என்போம். அவருடைய வெல்லப்பாகுப் பேச்சைக் கேலி செய்வதே எனக்குப் பொழுதுபோக்கு. "எமன் வந்து நின்னாக்கூட, வாங்க உக்காருங்க, என்ன கரையில வேணும்னு கேப்பீங்க" என்று ஒருநாள் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவருக்கு இருமல் வந்தது இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி. முதலில் சேலைப் பஞ்சு தொண்டையில் போனது என்றார்கள். பிறகு சாயங்காலமானால் மேல் சுட்டது. மாடு அடைகிற நேரத்துக்கு வரும் காய்ச்சல் விடியும்போது இருக்காது. பெரியாஸ்பத்திரியில் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்து, சயம், நெஞ்சை அரிக்கிற காசநோய், என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து என்று ஒன்று கிடையாது. நல்ல காற்று, முட்டை, பால், ஓய்வு. ஓய்வு என்று எழுதிக் கொடுப்பது சுலபம். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறவன் எங்கே போய் ஓய்வெடுப்பான்?

அப்போதுதான் அந்த டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். சீமையில் படித்துவிட்டு மதுரைக்கு வந்தவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மனத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் உடம்பின் நோய் குறையுமா என்று ஆராய்ச்சி செய்கிறார், காசு கிடையாது, வண்டியும் அவரே அனுப்புகிறார் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. "உங்க உடம்பென்ன அவரு ஆராய்ச்சிக்கு நேந்துவிட்ட ஆடா?" என்று கேட்டேன். இவர் போயே தீருவேன் என்றார். வண்டி அனுப்புகிற மனிதரிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய பாதிக் கவலை.

கீழக்குயில்குடி மலையடிவாரத்தில், தாமரைக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரைக்கொட்டகை. மேலே பாறையில் சமணர்கள் படுத்த கல்படுக்கைகள் இருக்கின்றன. அவர்கள் தவம் செய்த இடத்துக் காற்று நல்லது என்று டாக்டர் தேர்ந்தெடுத்திருந்தார். வாரத்தில் சில நாள் காலையில் கூண்டுவண்டி வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். கஞ்சித் தூக்கோடு நானும் போவேன். இளைப்புக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், ரத்தக் கொதிப்புக்காரர்கள் என்று பல தினுசு. சயம் என்று இருந்தது இவரும், டவுன் வக்கீல் ஒருவரின் மருமகனும்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் காற்று போகிற பக்கமாகத் தள்ளி, தனியாகப் பாய் போட்டிருந்தார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் என் வாய் அவரை ஏசிவிடும். எல்லோரையும் கண்ணை மூடி உட்காரச் சொல்வார். "மூச்சை இழுக்காதீங்க, பிடிக்காதீங்க. அது பாட்டுக்கு வந்து போகட்டும். நீங்க அதைப் பாத்துக்கிட்டு மட்டும் இருங்க" என்பார்.

மற்றவர்கள் பக்கம் உட்காரும் அத்தர் வியாபாரி பாய் ஒருவர், இளைப்புக்காரர், வண்டியில் ஏறும்போது புலம்புவார். "மூச்சு வரலேன்னுதானே தம்பி இங்க வாரோம். வராத மூச்சை நான் எங்கிட்டுப் போய்ப் பாக்குறது?" இவர் சிரித்துச் சமாதானம் சொல்வார்.

உட்கார்ந்து எழுந்ததும் டாக்டர் ஒவ்வொருவராகக் கைநாடி பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். பதிலை எழுதிக்கொள்வார். எல்லோரும் சொன்னது ஒரே பதில்தான். "தேவலைங்க."

அந்தச் சொல்லைத்தான் டாக்டர் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. தேவலை என்றால் நோய் குறைந்திருக்கிறது என்று அவர் எழுதினார். எங்கள் ஆட்கள் அதைச் சொன்ன காரணமே வேறு. வைத்தியருக்குக் கைராசி என்று ஒன்று உண்டு. அவர் முகத்துக்கு நேராக 'ஒண்ணும் கேக்கல' என்று சொன்னால் கைராசி கெட்டுவிடும், அப்புறம் அந்தக் கை தொட்ட யாருக்கும் வைத்தியம் கேட்காது. அத்தோடு, இவ்வளவு மெனக்கெட்டு வண்டி அனுப்பி, மரியாதையாக உட்காரவைத்துக் கேட்கிற மனிதரின் மனம் நோகலாமா? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு எப்படி என்று கேட்டால் யாராவது உப்புக் கரிக்கிறது என்பார்களா? அத்தர் பாய்க்கு மார்க்கமே அப்படி, எந்த நிலையிலும் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். எப்படி இருக்கிறீர் என்றால், மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும், "அல்ஹம்துலில்லாஹ், தேவலைங்க" என்றுதான் வரும்.

இவர் அதற்கும் மேலே போனார். எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது தான் இருமினால் மற்றவர்கள் கவனம் கெடுமே என்று இருமலை விழுங்குவார். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் கட்டும், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். எல்லோரும் எழுந்த பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் போய் இருமித் தீர்ப்பார். டாக்டருக்கு வேலிக்கு இந்தப் பக்கம்தான் தெரியும். "உங்களுக்கு இருமல் ரொம்பக் குறைஞ்சிருக்கே" என்று ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார். "ஆமாங்க, தேவலைங்க" என்றார் இவர்.

துண்டைத் துவைப்பவள் நான். அதில் சிவப்பு வந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே, இது யாருக்கு நல்லது?"

"தேவலைன்னு சொல்றதுல நமக்கு என்ன புள்ள குறைஞ்சு போச்சு?"

"உசிரு குறையுது."

கையைப் பிடித்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "அது நெசமும்தான் புள்ள. அங்க உக்காந்திருக்கும்போது தேவலையாத்தான் இருக்கு. எந்திரிச்சாத்தான் நோவு" என்றார். அதுவும் உண்மைதான். குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும், கல்யாணமான புதிதில் இருந்த முகம். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நானும் வாயை மூடிக்கொண்டு கஞ்சித் தூக்கைச் சுமந்தேன். ஆனால் என்னிடம் அவர் எதையும் மறைத்ததில்லை. வாசலுக்கு வெளியே ஊருக்கெல்லாம் தேவலை. உள்ளே வந்தால் எனக்கு மட்டும், "நெஞ்சு எரியுது புள்ள, முதுகை நீவி விடு." அது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்த பெருமை.

சித்திரை கழிந்ததும் டாக்டர் ஒரு சேதி சொன்னார். மலைக்காற்று உள்ள ஊரில் ஒரு சயரோக சானடோரியம், அங்கே இருக்கும் பெரிய டாக்டர் தன்னோடு படித்தவர். ஓர் இடம் காலியாகிறது. தியானத்தில் தேறாத ஒருவரை அனுப்பலாம். தேறி வருகிறவரை அனுப்ப வேண்டியதில்லை, அவர் இங்கேயே குணமாவார்.

அந்த இடம் கிடைத்தால் இவர் பிழைப்பார் என்று என் மனத்தில் விழுந்துவிட்டது. அடுத்த தடவை போனபோது துவைக்காத துண்டை மடித்து எடுத்துப் போனேன். இவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில் டாக்டரிடம் போய் விரித்துக் காட்டினேன். "தேவலைன்னு சொல்றாருல்ல, அது உங்களுக்காகச் சொல்றதுங்க. நோவு முத்திருச்சு. சாயங்காலம் வந்து தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாது" என்றேன்.

டாக்டர் முகம் வெளுத்துப்போனது. உடனே இவரைக் கூப்பிட்டு நெஞ்சைச் சோதித்தார். நெற்றியைச் சுருக்கினார். காலை நேரமானதால் மேல் சுடவில்லை. "இந்த ரத்தம்?"

"அது பல்லு ஈறுங்க. வேப்பங்குச்சி குத்திருச்சு. இவ சும்மா பயப்படுறா."

"சாயங்காலம் காய்ச்சல் வருதா?"

"இல்லைங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயில் நான் கேட்ட முதல் 'இல்லை' அதுதான். சொல்லவே வராத சொல்லை, சொல்லக் கூடாத இடத்தில் சொன்னார்.

டாக்டர் அதோடு விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கொட்டகையில் எல்லோர் முன்னும் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்காக யாரும் சொல்லவேண்டாம். தேறலைன்னா தேறலைன்னு சொல்லுங்க. உண்மை தெரிஞ்சாத்தான் இது ஆராய்ச்சி" என்றார். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அதைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு மனம் இளகிவிட்டது. இவ்வளவு நல்ல மனிதரைக் கலங்கவிடலாமா? அதுவரை தேவலை என்றவர்கள் அன்றைக்கு "ரொம்பத் தேவலைங்க" என்றார்கள். அத்தர் பாய் மூச்சிரைத்துக்கொண்டே எழுந்து நின்று சொன்னார்.

வக்கீல் மருமகன் மட்டும் சொல்லவில்லை. "என்னத்த தேவலை? ராத்திரி பூரா இருமுறேன். இங்க உக்காந்து முட்டி வலிதான் மிச்சம். நீங்களும் உங்க மூச்சும்!" என்று எரிந்து விழுந்தார். மாமனார் வீட்டில் காப்பி ஆறியிருந்தால் டம்ளரைத் தள்ளிவிடுகிற ஆள் என்று கேள்வி. மாப்பிள்ளை முறுக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியதை அங்கேதான் பார்த்தேன். இடம் அவருக்குப் போனது. வெகுகாலம் கழித்து டவுன்ஹால் ரோட்டில் அவரைப் பார்த்தேன். தொந்தியும் பிள்ளையுமாக, ஒரு ஜட்காக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் அன்றைக்கு டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபம் இல்லை, இரக்கம். பெண்சாதி, பயந்துபோயிருக்கிறாள் என்ற இரக்கம். வண்டியில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அந்தத் தம்பி சின்ன வயசு புள்ள, போகட்டும்" என்றார் இவர், கடையில் ஒரே ஒரு சேலை மிச்சமிருக்கும்போது அதை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்வதுபோல.

ஆடிக் காற்றில் அவர் வண்டி ஏற முடியாமல் போனார். சுவரில் சாய்ந்து வீட்டிலேயே கண்ணை மூடி உட்காருவார். "அப்படி என்னத்தத்தான் பாக்குறீங்க?" என்று ஒருநாள் வெடுக்கென்று கேட்டேன்.

"மூச்சைத்தான். போறது ஒவ்வொண்ணும் 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுப் போகுது புள்ள. சொல்லாமப் போற அன்னைக்கு நீ பாத்துக்க."

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது டாக்டர் ஊரில் இல்லை. தன் ஆராய்ச்சியைப் பெரிய டாக்டர்கள் முன்னால் படித்துக்காட்டச் சென்னைக்குப் போயிருந்தார்.

கடைசி நாள் காலையில் அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. வழித்துத் துடைத்துவிட்டு, எப்போதும்போல் முதுகை நீவிக்கொண்டே, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன். எரியுது என்பார், குத்துது என்பார், எங்கே நீவ வேண்டும் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தலையைத் திருப்பி, கடைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல் மரியாதையாக என்னைப் பார்த்தார்.

"தேவலை" என்றார்.

என்னையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்று புரிந்தது. அதற்குப் பிறகு பேசவில்லை. உச்சிப்பொழுதுக்கு முன்னால் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு டாக்டர் துட்டி கேட்க வந்தார். தரையில் விரித்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார், கண் வீங்கியிருந்தது. "கடைசியா என்னம்மா சொன்னார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல எனக்கு ஆத்திரம் பொங்கியது. நெஞ்சில் குத்தட்டும் என்றே சொன்னேன். "தேவலைன்னு சொன்னாருங்க."

டாக்டர் நிமிர்ந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, ஆனால் முகம் லேசாக மலர்ந்துவிட்டது. "அப்போ கடைசிவரைக்கும் மனசு நிம்மதியா இருந்திருக்கு. இல்லையாம்மா?" என்றார்.

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. துண்டு இருந்தது, வேலி இருந்தது, வேப்பங்குச்சி இருந்தது. அந்த மனிதர் கும்பிடுவதுபோல் கையை மடியில் சேர்த்துவைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.

நான் உண்மையைச் சொன்ன அன்றைக்கு என்னை நம்பாதவர், இதை உடனே நம்பினார்.