இந்த சீசன் முடியட்டும் அக்கா

வேலை நேரத்தில் ரீத்தா எனக்கு போன் செய்கிறவள் இல்லை.

ரீத்தா என் தம்பி தாஸின் மனைவி. லூபோக் சீனா என்கிற சின்ன ஊரில் இருக்கிறார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறாள். காலை பத்தரை மணி என்றால் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும் நேரம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சரியாக அந்த நேரத்தில் என் போனில் அவள் பெயர் வந்தது. நான் ஆயர் குரோவில், தொழிற்சாலையின் தரப் பரிசோதனை மேசை முன்னால் கையுறையோடு நின்றுகொண்டிருந்தேன்.

“அண்ணி, உங்க தம்பி மூணு தடவ பிசியோவுக்குப் போகவே இல்லையாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பத்தான் கூப்பிட்டாங்க.”

“போனேன்னு சொன்னானே?”

“என்கிட்டயும்தான் சொன்னாரு. கால எப்படி நீட்ட வச்சாங்க, எப்படி மடக்க வச்சாங்கன்னு செஞ்சு வேற காட்டினாரு.”

பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. அவளே தொடர்ந்தாள்.

“வீட்டுல உக்காந்து கேம்தான் விளையாடியிருக்காரு அண்ணி. கேட்டா, இந்த சீசன் முடியட்டுங்கிறாரு. கத்தக்கூட எனக்குத் தெம்பு இல்ல. நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு... நீங்களும் விளையாடுற ஆளுதானே.”

அந்தக் கடைசி வரி நம்பிக்கையா, குற்றச்சாட்டா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆமாம். வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பூனையைப் பற்றியும் கல்யாண மண்டபச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதுகிற நான், நாற்பத்தாறு வயதில் வீடியோ கேம் விளையாடுகிறவள். நாலு பேர் கூட்டுச் சேர்ந்து ராட்சத மிருகங்களை வேட்டையாடும் கேம். பெயர் வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வருஷக்கணக்காக வந்துகொண்டே இருக்கிறது. நானும் தாஸும் மூன்றாம் பாகத்திலிருந்து கூட்டாளிகள். நான் புக்கிட் பெருவாங்கில், அவன் லூபோக் சீனாவில். நடுவில் இன்டர்நெட்.

தாஸ் செம்பனை எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். ஆறு மாதங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில், வளைவில் லாரி சறுக்கிக் கவிழ்ந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். படுக்கை, பிறகு இரண்டு ஊன்றுகோல், பிறகு ஒன்று.

அந்த நாட்களில் அவனைத் தாங்கியது இந்த கேம்தான். அதை மறைக்கமாட்டேன்.

முன்பெல்லாம் ஒரு கேம் வாங்கினால் அதில் உள்ளது மட்டும்தான். கடைசி மிருகத்தை வீழ்த்தினால் கதை முடியும். பெட்டியை மூடி அலமாரியில் வைப்போம். உள்ளே ஒரு கோளாறு இருந்தால் அது சாகும்வரை இருக்கும். இப்போது வருவது அப்படியில்லை. ஒருமுறை வாங்கினால் போதும், கேம் வளர்ந்துகொண்டே போகும். புதுக் காடு, புது மிருகம், புது ஆயுதம். கோளாறைச் சொன்னால் அடுத்த வாரமே சரிசெய்கிறார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு சீசன். ஜன்னலுக்கு வெளியே ஒரே செம்பனை மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற மனிதனுக்கு, வியாழக்கிழமை தோறும் ஏதோ ஒன்று புதிதாக வருகிறது என்றால் அது சின்ன விஷயமா?

அப்படியென்றால் இது நல்லதுதானே என்கிறீர்களா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு எட்டு வாரம் வரைக்கும்.

பிறகு புரிந்தது, புதிதாக வருகிறது என்றால் பழையது போகிறது என்று அர்த்தம். இந்த சீசனில் வாங்காத கவசம் இனி எப்போதும் கிடைக்காது. தினமும் மூன்று வேலை கொடுப்பார்கள். ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துபோகும். நான் மாதக்கணக்கில் வில்லெய்யப் பழகினேன். ஒரு வியாழக்கிழமை திறந்து பார்த்தால் என் வில்லின் பலத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். எல்லோரும் வில்லையே எடுக்கிறார்களாம், சமநிலைக்காகவாம். யாரிடம் போய்க் கேட்பது?

தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன். சோறு, துணி, கணவரின் மாத்திரை. அதற்குப் பிறகு உட்கார்ந்தால், ‘இன்றைய மூன்று வேலைகள்’ என்று டிவி சொல்கிறது. வேலையிலிருந்து தப்பிக்கத்தானே விளையாட வந்தேன்? இப்போது எதுதான் முடிகிறது... போனுக்கு அப்டேட், பேங்குக்கு அப்டேட், காருக்குக்கூட அப்டேட். சோறாக்குகிற குக்கர் ஒன்றுதான் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு சீசனுக்கு முன்னால் நான் சும்மா விட்டுவிட்டேன். சண்டையெல்லாம் இல்லை. களைத்துப்போனேன், அவ்வளவுதான். தாஸ் விடவில்லை. அவனுக்கு வேறு கூட்டாளிகள் கிடைத்தார்கள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, கெஞ்சி, வியாழன் பதினொன்றரைக்கு ஒரு நேரம் வாங்கினேன். வியாழன் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்லித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன்டா நீ, என்று ஆரம்பிப்பதாக முடிவு.

ஒன்பதரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ரீத்தா வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. தாஸ் நாற்காலியில், வலது காலை ஸ்டூல்மேல் நீட்டி, தலையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தான். கால் மெலிந்து, இடது காலுக்குத் தம்பி மாதிரி இருந்தது. ஒத்திகை பார்த்த வரியை அங்கேயே விட்டுவிட்டேன்.

மைக்கை மூடிக்கொண்டு, “ரீத்தா சொல்லிட்டாளா?” என்றான்.

“பதினொன்றரைக்கு அப்பாயின்மென்ட் வாங்கியிருக்கேன். கிளம்பு.”

“இன்னிக்கு பன்னெண்டு மணிக்கு சீசன் முடியுதுக்கா. கடைசி வேட்டை பதினோரு மணிக்குத்தான் திறக்கும். நாலு பேரு வேணும். நான் போனா மத்த மூணு பேருக்கும் பரிசு கிடைக்காது. நாளைக்குக் கண்டிப்பா போறேன் லா.”

நானும் இந்த வியாதி தெரிந்தவள் அல்லவா? திட்டுவதற்குப் பதிலாக ஒரு வழி தோன்றியது. “சரி, உன் ஆயுதம் எனக்குக் கைவராது. உன் இடத்துல நான் என் பேருல ஏறி முடிச்சுத் தரேன். நீ கார்ல போ, பக்கத்து வீட்டுல யாரையாச்சும் ஓட்டச் சொல்றேன்.”

சிரித்தான். “ஏறிப் பாருங்க.”

அவன் நீட்டிய கண்ட்ரோலரை வாங்கி என் பெயரில் நுழைந்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. உங்கள் நிலை போதாது, இந்த வேட்டையில் சேர முடியாது. ஏழெட்டு வருஷம் விளையாடியவள். இரண்டு சீசன் வராததால், சொந்தத் தம்பிக்கு உதவ நான் தகுதியில்லாதவள். இதே பாகத்தைக் காசு கொடுத்து நானும்தான் வாங்கினேன்.

கண்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் ஒரு சின்ன வேட்டையில் இறங்கினான். அதைப் பார்த்தபடியே கேட்டேன்.

“மூணு தடவையும் சீசனா?”

அவன் கைகள் மட்டும் வேலை செய்தன. மிருகம் விழுந்தது. அப்புறம் சொன்னான்.

“மொத தடவ போனேன்க்கா. கூட்டாளி கார்ல கொண்டுபோய் கேட்டுக்கிட்ட விட்டான். உள்ள போகப் போறேன், பின்னால ஒரு டேங்கர் வந்து நின்னுச்சு. ஏர் பிரேக் விடுவான் பாருங்க... புஸ்ஸுன்னு. அவ்வளவுதான். கை ரெண்டும் நடுங்குது. பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.”

“ரீத்தாகிட்ட சொல்லலாமே.”

“என்னன்னு சொல்றது? கால் சரியாயிருச்சுன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டா, அடுத்த வாரம் லாரியில ஏறணும்க்கா. கால் சரியாகாட்டி ஏற வேணாம்.”

அவன் திரையைக் காட்டினான்.

“இங்க மூணு தடவ விழுந்தாலும் எழுப்பி விடுறாங்க. இங்க நான்தான் கேப்டன். நான் சொன்னாத்தான் மத்தவங்க நகருவாங்க.”

நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருஷமாக லாரி. அவன் அழுததைக் கடைசியாக எங்கள் அப்பா அடக்கத்தில் பார்த்தது. இப்போது அழவில்லை, ஆனால் கண்ட்ரோலரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

“பயமா இருக்குன்னு டாக்டர்கிட்டயே சொல்லு,” என்றேன். “அதுக்கும் அங்க ஆளு இருக்காங்க. லாரியில ஏறுறதா வேணாமான்னு அப்புறம் பார்ப்போம். மொதல்ல காலு. நடக்கணுமா இல்லையா நீ?”

“இவங்களுக்கு என்ன சொல்றது?”

“உள்ளதச் சொல்லு.”

பிறகு ஹெட்செட்டைக் கழற்றி, குரல் டிவியிலேயே வரும்படி மாற்றினான். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் போலிருக்கிறது. மலாயும் தமிழும் ஆங்கிலமும் கலந்து, ஆக்சிடென்ட், கால், மூன்று முறை போகாதது எல்லாவற்றையும் சொன்னான். அந்த மூன்று பேரில் எவருக்கும் அவன் கால் உடைந்தது தெரியாதாம். மாதக்கணக்காகத் தினமும் பேசுகிறவர்கள்.

முதலில் பேசியது கூச்சிங்கில் இருக்கும் ஒரு பெண். “காகி டூலு லா, கேப்டன்.” முதலில் காலைப் பார் என்கிறாள்.

அடுத்தது ஈப்போவிலிருந்து ஒரு தமிழ்ப் பையன், குரலைக் கேட்டால் முப்பது இருக்கும். “அண்ணே, போய்ட்டு வாங்க. உண்மையச் சொல்லவா? எனக்கு இது போன மாசமே வெறுத்துப் போச்சு. நீங்க தனியா நிப்பீங்களேன்னுதான் வந்துட்டு இருந்தேன்.”

“நானும்தான்,” என்றது மூன்றாவது குரல்.

தாஸ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நாலு பேரும் மற்ற மூன்று பேருக்காக விடாமல் இருந்திருக்கிறார்கள். கேம் கம்பெனிக்காரர்களின் கணக்கில் இந்த நாலு பேரும் ‘மிகவும் விரும்பி விளையாடுகிறவர்கள்’ என்றுதான் பதிவாகியிருக்கும்.

தொடர்ந்து வளரும் கேம் ஆட்டக்காரனுக்கு நல்லதா என்று கேட்டால், என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். என் தம்பிக்கு அது கூட்டாளிகளைக் கொடுத்தது. அது உண்மை. பிறகு அந்தக் கூட்டாளிகளை வைத்தே அவனைக் கட்டிப்போட்டது. அதுவும் உண்மை. புதுக் காடு கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வராத நாளுக்கு அபராதம் போடாதீர்கள். ஒரு மனிதன் நோயில் படுப்பான், வேலைக்குப் போவான், சும்மாகூட இருப்பான். அவன் திரும்பி வரும்போது அவன் இடம் அங்கேயே இருக்க வேண்டும். இது அதிகப்படியான ஆசையா?

பதினொன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி கேட்டில் காரை நிறுத்தினேன். அவன் உடனே இறங்கவில்லை. ரோட்டில் ஒரு லாரி போகும்வரை காத்திருந்தான். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினான். நான் பின்னால் நடந்தேன்.

பிசியோ செய்த பெண் சின்ன வயது, கண்டிப்பானவள். தசை சுருங்கியிருக்கிறது, வாரம் இரண்டு நாள் வர வேண்டும், சாக்குப்போக்கு கூடாது என்றாள். அவன் கை நடுக்கத்தைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மனநலப் பிரிவுக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். லாரியைப் பற்றி யாரும் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை. ஆபீஸில் வேறு வேலை கிடைக்குமா என்று ரீத்தா கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போன வாரம் அவன் ஊன்றுகோல் இல்லாமல் கேன்டீன் வரைக்கும் நடந்து போனானாம்.

இடையில் அவன் போனுக்கு கேமிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஏழு நாட்களாக உங்களைக் காணோம், உங்கள் பிரிவு எங்களை வாட்டுகிறது, திரும்பி வந்தால் பரிசு உண்டு என்று.

அதை வாங்கிப் படித்துவிட்டு ரீத்தா சொன்னாளாம்: “ஏழு நாளுக்கே இவங்களுக்கு இப்படின்னா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஆறு மாசமா உங்களக் காணோம், நான் என்னத்தச் சொல்றது?”