வருசப் பிறப்பன்று எங்கள் வீட்டு நோன்பு

மலாய் நாட்டில், காஜா பெராங்கில் நாங்கள் இருந்தபோது, அப்பா அண்ணனோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் ஒரு மலாய்ப் பெண்ணைக் கட்டி, இஸ்லாத்தில் சேர்ந்து, கிளேபாங்கில் குடியிருந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருடம் அது. அவரவர் சமயம் அவரவருக்கு என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

"அது நாட்டுக்கு. என் வீட்டுக்கில்ல" என்பார் அப்பா.

அம்மா அழுதழுது, சித்திரை வருசப் பிறப்புக்கு அவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கச் சம்மதம் வாங்கினார்.

"சோறு போடு. நான் பேசமாட்டேன்."

ஆனால் ஏற்பாடெல்லாம் அப்பாதான். சைவச் சமையல் என்றால் யார் அறுத்த ஆடு என்ற கேள்வி வராது. வாழை இலை என்றால் எதைத் தின்ற தட்டு என்ற பேச்சும் இல்லை. இவ்வளவு யோசித்தவர், அது புவாசா என்கிற ரம்ஜான் நோன்பு மாதம் என்பதை யோசிக்கவில்லை. தெருவில் பாதிப் பேர் நோன்பு. அண்ணனும் அவர்களில் ஒருவர் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அண்ணனும் அண்ணியும் இலை முன் உட்கார்ந்தார்கள். அண்ணியின் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அப்பா கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து அண்ணன் நோன்பைப் பற்றிச் சொல்லவில்லை. சோற்றுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் அப்பா முன்னால் பேசியதே கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று, "அண்ணன் புவாசாப்பா" என்றேன்.

"கைய எடுடா" என்றார் அப்பா.

இரண்டு வருடத்தில் அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு. விரட்டுகிறார் என்று நினைத்து அம்மா விம்மத் தொடங்கினார்.

"எத்தன மணிக்கு நோன்பு தொறப்ப?"

"ஆறே முக்காலுக்குப்பா. நீங்கல்லாம் சாப்பிடுங்க."

"நல்ல நாளும் அதுவுமா புள்ளய பாக்க வச்சிட்டுத் திங்கறதா? எல்லாருக்கும் ஆறே முக்கால்தான்."

அப்பா பசி தாங்காத மனிதர். மூன்று மணிக்குள் நான்கு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு அடுப்படியில் வடையோடு அம்மாவிடம் பிடிபட்டார்.

"உப்பு பாத்தேன்."

"மூணு வடையிலயுமா?"

அண்ணிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முக்காட்டுத் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சூராவில், அந்தத் தெருத் தொழுகைக்கூடத்தில், பாங்கு கேட்டதும் எல்லாரும் இலைக்கு வந்தோம். அண்ணன் பேரீச்சம்பழம் வாயில் போடும்வரை அப்பா சோற்றைத் தொடவில்லை. பாயசம் குடித்து முடித்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கும் இதே நேரந்தானா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதே நேரந்தாம்பா" என்றார்.