றுஷ்தா பெயர் எழுத மறுத்த மீன்

ஞானசேகரத்தாரின் மீன் கொட்டகையில் சேர்ந்த நாளில் றுஷ்தாவுக்குக் கிடைத்த வேலை, பைகளில் ஒட்சிசன் நிரப்பி இறப்பர் வளையம் போடுவதுதான். திருகோணமலையில் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கொட்டகையில் நாற்பது தொட்டிகள் இருந்தன. சுழியோடிகள் பிடித்துவரும் அலங்கார மீன்கள் சில நாள் அங்கே தங்கி, செவ்வாய்க்கிழமைகளில் லொறி ஏறிக் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து எந்தெந்த நாட்டுக்கெல்லாமோ பறக்கும். கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பும் றுஷ்தாவுக்கு, முதல் மாதம் முழுக்க மீன்களில் இரண்டே வகைதான்: கறிக்கு ஆவது, ஆகாதது.

அதை மாற்றியது ஒரு கள்ள மீன்.

பதினோராம் தொட்டியில் மீன்களுக்கெல்லாம் வால் கிழிந்துகொண்டிருந்தது. நோய் என்று மருந்து விட்டார்கள். றுஷ்தா மட்டும் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பெட்டியோடு அந்தத் தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மற்ற மீன்களின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்யும் நீலக்கோட்டு மீன்கள் அதில் நான்கு இருந்தன. மூன்றாம் நாள் அவள் முதலாளியைக் கூப்பிட்டாள்.

"ஐயா, இந்த நாலில ஒண்டு வேற சாதி. மூண்டுக்கும் வாய் மூஞ்சி நுனியில இருக்கு. இதுக்குக் கீழ இருக்கு. இதுதான் கடிக்குது."

ஞானசேகரத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். முப்பது வருடம் மீன் விற்றவர். நிறம், கோடு, ஆட்டம் எல்லாவற்றிலும் அச்சடித்தாற்போல வேடம் போட்டிருந்த அந்தக் கள்ளனை வலையால் அள்ளி வேறு தொட்டியில் விட்டார். ஒரு கிழமையில், ஏழே நாளில், வால்கள் வளர்ந்தன. அடுத்த மாதம், வரும் மீனை இனம் பிரித்துப் பெயர் எழுதும் வேலை றுஷ்தாவிடம் வந்தது.

அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்ட விதம் கொட்டகையில் யாருக்கும் பழக்கமில்லாதது. கண்ணாடிக்காரனிடம் சொல்லி, ஒரு கை அகலம் மட்டும் உள்ள ஒடுக்கமான பெட்டி ஒன்று செய்வித்தாள். அதன் பின்பக்கத்தில் தன் மகளின் பள்ளிக்கூடக் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த சதுரக்கோட்டுத் தாளை ஒட்டினாள். புதிய மீன் எதுவானாலும் அந்தப் பெட்டிக்குள் நிறுத்தி, போனில் படம் எடுத்து, சதுரங்களை எண்ணி நீளம் எழுதுவாள். நீந்தும் துடுப்பான செட்டையின் முள்ளுகளைப் படத்தைப் பெருப்பித்து எண்ணுவாள். பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் என்று அவளே சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இப்படி ஐந்து வருடம் ஓடியபின்தான் அந்த இரண்டு மீன்களும் வந்தன.

கொண்டுவந்தவன் இராகுலன். அங்கே இருந்த சுழியோடிகளில் ஆழம் போகக்கூடியவன் அவன்தான். வெளிக்கடலில், நூற்றைம்பது அடியில் கிடந்த ஒரு பாறைக்குப் பக்கத்தில் வேறு மீனுக்கு விரித்த வலைக்குள் இவை தாமாக வந்து விழுந்தனவாம். விரல் நீளம். மங்கிய ரோசா நிறம். ஒன்று கொஞ்சம் பெரிது.

"கிளிமீன் குஞ்சுகள்," என்றார் ஞானசேகரத்தார். "எழுதி வையுங்கோ பிள்ளை, செவ்வாய்க்கிழமை போகட்டும்."

றுஷ்தா பெட்டியில் விட்டுப் பார்த்தாள். பேனையை எடுத்தவள் மூடி வைத்துவிட்டாள்.

"ஐயா, கண்ணைப் பாருங்கோ. கண்மணி ரெண்டு மாதிரித் தெரியுது. நடுவில கோடு விழுந்த மாதிரி. கிளிமீனுக்கு இப்பிடி இல்லை."

"வெளிச்சம் பட்டு அப்பிடித் தெரியும்."

"இடம் மாத்தி வைச்சும் பார்த்தனான். ஐயா கோவிக்கக் கூடாது. தெரியாத மீனுக்குப் பெயர் எழுத என்னால ஏலாது."

அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது. கொழும்பிலிருந்து பட்டியல் கேட்டு இரண்டு தரம் போன் வந்துவிட்டது. ஆனாலும் பதினோராம் தொட்டியை அவர் மறந்தவரில்லை. "ஒரு கிழமை. அதுக்கு மேல வைச்சிருக்க ஏலாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்பு ஒருமுறை கொட்டகைக்குத் தகவல் சேர்க்க வந்த விரிவுரையாளர் தர்சிகா, தன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடல் மீன்களைப் படிப்பதே அவருடைய தொழில். றுஷ்தா அவருக்குப் பதினான்கு படங்கள் அனுப்பினாள். அன்றைக்கே தர்சிகா கூப்பிட்டார்.

"அக்கா, கண் விஷயம் நீங்கள் சொன்னது சரி. இது கிளிமீன் இல்லை. ஆனா இந்தக் கூட்டத்தில கனக்க இனம் இருக்கு. பொம்பிளையளும் குஞ்சுகளும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வளர்ந்த ஆம்பிளை செட்டையை விரிச்சு நிறம் காட்டினால்தான் சொல்லலாம்."

"எப்ப விரிக்கும் மிஸ்?"

"வேற ஆம்பிளையைக் கண்டால்."

வேறு ஆணுக்கு எங்கே போவது? இரண்டு நாள் றுஷ்தா யோசித்தாள். மூன்றாம் நாள் காலை, முக்காட்டைச் சரிசெய்யக் கைப்பைக்குள் இருந்த முகக்கண்ணாடியை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நேரே தொட்டிக்குப் போய், அந்தக் கண்ணாடியை வெளிப்பக்கமாகப் பெரிய மீனின் முன்னால் சாய்த்து வைத்தாள்.

மீன் முதலில் பின்வாங்கியது. திரும்பி வந்தது. கண்ணாடிக்குள் ஒருவன் நிற்பதைக் கண்டது.

அடுத்த நொடியில் முதுகுச் செட்டை பாயைப் போல எழுந்தது. மங்கல் ரோசா இருந்த இடத்தில் செம்பருத்திச் சிவப்பு ஓடிப் பரவியது. வயிற்றுப் பக்கத்துச் செட்டைகள் ஊதா நாடாக்களாக நீண்டன. நெற்றியிலிருந்து வால்வரை ஒரு வெள்ளி மின்னல். நான்கு விநாடிதான்; எல்லாம் அணைந்து பழைய மங்கல் மீனாகிவிட்டது.

"யா அல்லாஹ்," என்றாள் றுஷ்தா. போனை எடுத்துச் சரியாகப் பிடித்துக்கொண்டு, மறுபடி கண்ணாடியை வைத்தாள். பன்னிரண்டு தரம் படம் பிடித்தாள். நடுவில் சத்தம் கேட்டு வந்த ஞானசேகரத்தார், அந்தச் சிவப்பு எழும்பி அடங்குவதைப் பார்த்தபடி பின்னால் நின்றார்.

மறுநாள் தர்சிகா பஸ் பிடித்து நேரில் வந்துவிட்டார், தோள்பையில் இரண்டு தடித்த புத்தகங்களோடு. மாலைதீவுப் பக்கத்தில் மட்டும் கண்டதாக எழுதப்பட்டிருந்த ஓர் இனத்தின் படத்தில் விரல் வைத்தவர், சந்தேகத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் ஒத்து வருது அக்கா. வயிற்றுச் செட்டைதான் இடிக்குது. இதில மஞ்சள் எண்டு போட்டிருக்கு."

றுஷ்தா படத்தைக் குனிந்து பார்த்தாள். "மிஸ், இது செத்த மீனோ?"

"ஓம், பிடிச்ச பிறகு எடுத்த படம்."

"அப்ப அது சரியா வராது. இஞ்ச வாற வழியில செத்துப்போற மீனுகளை நான் பார்க்கிறனான். ஊதா நிறம் அரை மணித்தியாலத்தில போயிடும். போகேக்க மஞ்சளாத்தான் போகும்."

தர்சிகா புத்தகத்தின் ஓரத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

செட்டை நுனியில் கடுகளவு வெட்டி, கெடாமலிருக்க மதுசாரத்தில் போட்டு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒரு கிழமைக் கெடுவைப் பற்றி ஞானசேகரத்தார் பிறகு பேசவில்லை; மீன்கள் கொட்டகையிலேயே நின்றன. நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது: அதே இனம். இலங்கைக் கடலில் அதைக் கண்டதாக அதற்குமுன் யாரும் எழுதியிருக்கவில்லை. தர்சிகா எழுதிய அறிக்கையில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் றுஷ்தாவுடையது. 'உதவி' என்று எங்கோ கீழே சின்ன எழுத்தில் போடலாம் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவர் சொல்ல, தர்சிகா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஞானசேகரத்தார் கேட்டார், "இப்ப என்ன செய்வம் பிள்ளை? பெயர் தெரிஞ்சிட்டுது. இனி அனுப்பலாம்தானே."

றுஷ்தா இராகுலனைப் பார்த்தாள். "தம்பி, அங்க இன்னும் எத்தினை நிண்டது?"

"ஆறோ ஏழோ தான் அக்கா. அதுக்கு மேல காணேல்லை."

அவள் கொழும்புப் பட்டியலை எடுத்து முதலாளியின் முன்னால் வைத்தாள். ஞானசேகரத்தார் தாடையைத் தடவினார். "பட்டியலில இருந்து எடுத்துவிடுங்கோ," என்றார்.

கடல் அடங்கிய ஒரு காலையில், துளையிட்ட பிளாஸ்டிக் போத்தலில் இரண்டு மீன்களையும் வைத்துக்கொண்டு இராகுலனின் வள்ளத்தில் புறப்பட்டார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்றாலும் துறைமுக வாயைத் தாண்டி றுஷ்தா அன்றுதான் போனாள். வழியெல்லாம் வாந்தி. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்த கையை அவள் எடுக்கவேயில்லை.

இராகுலன் போத்தலோடு இறங்கி, வெறும் போத்தலோடு மேலே வந்தான்.

"போயிட்டுதுகள் அக்கா. ஆம்பிளை போன உடனேயே செட்டையை விரிச்சவன்."

"நல்லாச் சிவந்ததோ?"

"அந்த ஆழத்தில சிவப்புத் தெரியாது. தண்ணிக்குள்ள கீழ போகப் போகச் சிவப்பெல்லாம் கறுப்பாத்தான் தெரியும்."

றுஷ்தாவுக்கு மயக்கம் தெளிந்ததுபோல் ஆயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அதுகள் ஒண்டையொண்டு எப்பிடிப் பார்க்குதுகள்?"

இராகுலன் கையை விரித்துவிட்டு வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பினான். கரைக்கு வந்து போனில் சிக்னல் கோடு விழுந்ததும், றுஷ்தா அந்தக் கேள்வியைத் தர்சிகாவுக்கு அனுப்பினாள்.