நாளைய தேதியில் ஒரு நிமிடம்

எங்கள் விமானத் திடலில் மார்லிஸ் ஹாகனிடம் திட்டு வாங்காத ஜீவன் அங்கே சுற்றும் பூனை மட்டும்தான். அதற்கும் ஒருமுறை சார்ஜர் வயரைக் கடித்ததற்காகக் கிடைத்தது என்று இனேஸ் சொல்கிறாள். இனேஸ்தான் டிக்கெட் மேசையில் உட்கார்ந்து, பாராசூட்டோடு குதிக்கிறவர்களில் யார் எந்த விமானத்தில் ஏறுவது என்று எழுதுகிறவள். அவள் பொய் சொல்ல மாட்டாள்.

மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அரிசோனா வெயிலில் பதிவுப் பெட்டியைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு வருகிறவனுக்குத் திட்டு. சார்ஜ் போடும் ஓட்டையில் மணலை அடைத்துக்கொண்டு வருகிறவனுக்குத் திட்டு. விமானத்துக்குள் ஏறிய பிறகு பெட்டியை ஆன் செய்கிறவனுக்குத் திட்டு கிடையாது, ஒரு பார்வைதான். அதற்குத் திட்டே தேவலாம்.

நான் டூயி. அங்கே பாராசூட் மடிக்கிறவன். ஐந்து வருஷத்துக்கு முன்பு முழங்கால் போனதும் குதிப்பதை விட்டுவிட்டேன். மடிக்கிற வேலையில் கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது. மார்லிஸைச் சீண்டுவதற்கு அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவுப் பெட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஹெல்மெட்டின் பின்பக்கம், வானத்தைப் பார்த்தபடி செருகிக்கொண்டு குதிக்க வேண்டும். எந்த நொடியில் எந்த உயரத்தில் இருந்தோம், எந்தப் பக்கம் போனோம், எவ்வளவு வேகமாக விழுந்தோம் என்று செயற்கைக்கோள்களிடம் கேட்டுக் கேட்டு மெமரி கார்டில் எழுதிக்கொண்டே வரும். காதில் ஒரு ஒலியும் கொடுக்கும். மெதுவாக இறங்கினால் ஒரு சுருதி, வேகமாக விழுந்தால் இன்னொரு சுருதி. கைக்கும் உடம்புக்கும் நடுவே துணி விரிகிற இறக்கை உடை மாட்டிக்கொண்டு பறக்கிறவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. தரையில் வந்து அவர்கள் அளக்கிற கதைகளை வெட்டிச் சுருக்குவதற்கும் அது இல்லாமல் ஆகாது.

மார்லிஸ் இருபத்தேழு வருஷம் தபால்காரியாக இருந்தவள். மூன்று நாய்க்கடி, ஒரு பாம்பு, ஒரு கடிதம்கூட வேறு நாளில் போய்ச் சேரவில்லை என்பது அவளே அடிக்கடி சொல்லிக்கொள்கிற பெருமை. ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளில் மகள் விளையாட்டாகக் கூட்டிவந்து குதிக்கவிட்டாள். மகள் அன்றோடு சரி. அம்மா பத்து வருஷமாக வீட்டுக்குத் திரும்பவில்லை என்று அந்தப் பெண் இன்றைக்கும் புலம்புகிறாள்.

ஓய்வு பெற்றதும் திடலின் பெட்டிகளையெல்லாம் மார்லிஸ் தானாகவே ஏற்றுக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷால் ஓட்டைகளைத் தேய்ப்பாள், உப்பிய பேட்டரியை மாற்றுவாள், கார்டுகளைத் துடைத்து வைப்பாள். ஒவ்வொரு கார்டிலும் இருக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து, காதில் ஒலி கொடு என்று ஒரு வரியும், எங்கள் ஊர் நேரத்துக்கு ஏழு மணி நேரம் கழி என்று ஒரு வரியும் எழுதுவாள். செயற்கைக்கோள்கள் லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரத்தைத்தான் சொல்லுமாம். மார்லிஸ் அதை விடுவாளா, தபால் முத்திரையில் எந்த ஊர் நேரம் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா. திடலின் கணினியையும் அப்படியே பழக்கி வைத்திருந்தாள். பெட்டியைச் செருகினால் அன்றைய தேதியிட்ட பதிவை மட்டும் எடுத்துத் திரையில் காட்டும். பழைய குப்பையை யாரும் கிளறக் கூடாது.

சுவரில் ஒரு பலகை உண்டு. இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். உடை இல்லாமல் விழுந்தால் அந்த உயரம் இருபது நொடிகூடத் தாங்காது. பெயர், நொடி, தேதி, நேரம் எல்லாம் பெட்டி சொன்னபடி எழுத வேண்டும். பெட்டியில் இல்லையென்றால் நடக்கவில்லை. இந்தச் சட்டமும் மார்லிஸ் போட்டதுதான். நான் குதித்த கடைசி வருஷம் என் கைக்கடிகாரப்படி அறுபத்து மூன்று நொடி பறந்தேன். அன்று பெட்டியில் சார்ஜ் இல்லை. எழுத மாட்டேன் என்றுவிட்டாள். அதை நான் மறந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாள் அட்டையிலும் ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

அவளுடைய பெயரும் பலகையில் இல்லை. ஆறு வருஷமாக ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. போன வருஷம் ஐம்பத்தொன்பது வந்து நின்றது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம்: எதையாவது முதல் தடவை செய்தால், செய்தவர் எல்லோருக்கும் ஒரு கேஸ் பீர், அதாவது இருபத்துநாலு கேன், வாங்கித் தர வேண்டும். மார்லிஸ் அதை முன்கூட்டியே வாங்கி, ‘நிமிடத்துக்கு’ என்று சீட்டு ஒட்டி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். வருஷா வருஷம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பாள். யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் என்ன ஆகும் என்று தெரியும்.

இந்த அக்டோபரில் அவளுடைய வலது தோள் தகராறு செய்தது. தசைநார் கிழிந்திருக்கிறது, திங்கட்கிழமை டூசானில் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு கையை விரித்து இறக்கை உடையில் பறப்பது என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமைதான் கடைசி. ஞாயிறு காலை மகள் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

சனிக்கிழமை மூன்று தடவை குதித்தாள். ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டரை. கை தலை முடியைக் கோதக்கூட எழும்பவில்லை. சாயங்காலக் கடைசி விமானத்துக்கும் பெயர் கொடுத்தாள். நான் அவளுடைய பாராசூட்டை எடுத்து வழக்கத்தைவிட நிதானமாக மடித்தேன்.

அதே விமானத்தில் காரெட் என்று ஒரு பையன். இடாஹோவிலிருந்து ராத்திரியெல்லாம் கார் ஓட்டிவந்து முதல் தடவையாக எங்கள் திடலில் குதிக்கப் போகிறான். அவனுடைய பெட்டி காரின் முன்கண்ணாடிக்குக் கீழே பகல் முழுக்க வெந்து செத்துப்போயிருந்தது. மார்லிஸ் அவனை நிற்கவைத்துத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, தன் ஹெல்மெட்டிலிருந்து பெட்டியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். தனக்கு அலமாரியிலிருந்து உதிரிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள். போன மாதம்தான் அதற்குப் புது கார்டு போட்டிருந்தாள். விமானம் கிளம்பும்வரை அவன் ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்து, பச்சை விளக்கு சிமிட்டுகிறதா, செயற்கைக்கோள் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இறங்கிவந்தபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாராசூட்டைச் சுருட்டக்கூட இல்லை, இடது கையில் அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாள்.

“டூயி, இன்னிக்கு வந்துடுச்சு. ரொம்ப நேரம் மேலயே இருந்தேன். உடம்புக்குத் தெரியும்ல.”

கணினியில் செருகினோம். திரையில் வந்தது இதுதான்: இன்று பதிவு எதுவும் இல்லை.

கழற்றித் துடைத்து மறுபடி செருகினாள். எதுவும் இல்லை. காரெட் தன் தலையிலிருந்த அவளுடைய பெட்டியைக் கொடுத்தான். அதில் அவனுடைய குதிப்பு ஒழுங்காக இருந்தது. அதைப் பார்த்து அவன் சந்தோஷப்படவும் முடியாமல் நின்றான்.

“காதுல சத்தமே வரலை,” என்றாள் மார்லிஸ். “அப்பவே தெரிஞ்சிருக்கணும். பெட்டி தூங்கிட்டிருந்திருக்கு.”

“விளக்கைப் பாத்தியா?”

“அவன் விளக்கைப் பாத்தேன்.”

ஐந்து வருஷமாக இப்படி ஒரு தருணத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். எத்தனை வசனம் தயாராக வைத்திருந்தேன் தெரியுமா. அதையெல்லாம் ஒதுக்கி வைத்தேன். எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது. நானும் இனேஸும் கீழே நின்று கடிகாரத்தில் பார்த்தோம், அறுபதைத் தாண்டியது என்று எழுதிக்கொள்ளலாம் என்றேன். நாங்கள் பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

“பெட்டில இல்லைன்னா நடக்கலை டூயி. உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

அன்று பீர் கேஸை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு வந்தாள். மகள் காரிலேயே இருந்தாள். ஆறு வாரத்துக்குப் பெட்டிகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பிரஷை எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. நான் முட்டையும் பச்சை மிளகாயும் வைத்துச் சுருட்டிய பரிட்டோவைச் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினேன். காரெட் காப்பியோடு ஓரமாக நின்றான். ஒவ்வொரு பெட்டியையும் கணினியில் செருகிக் காட்டினாள். பதிவு இல்லை, பதிவு இல்லை என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியாக அந்த உதிரிப் பெட்டி.

இன்று: ஒரு பதிவு.

விமானம் இன்னும் கட்டிய கயிற்றோடு நிற்கிறது. விமானி படுக்கையிலிருந்து எழுந்தானா என்பதே சந்தேகம். இனேஸ் குனிந்து நேரத்தைப் படித்தாள். இரவு பன்னிரண்டு முப்பத்தொன்று.

மார்லிஸின் கழுத்து சிவந்தது. அந்த உதிரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எவனோ நடுராத்திரியில் குதித்திருக்கிறான். திடலில் புது ஆள் ஒருவன்தான். அவள் திரும்பிய வேகத்தில் காரெட் ஓரடி பின்னால் போனான்.

“மேடம், நான் கார்ல தூங்கிட்டிருந்தேன். சத்தியமா.”

“விமானத்தை யார் ஓட்டினது?”

“எனக்கு கார் ஓட்டவே தெம்பு இல்ல மேடம்.”

இதற்குள் நான் பதிவைத் திறந்து பாதையைத் திரையில் வரைய வைத்தேன். தண்டவாளத்துக்கு மேலே விமானத்திலிருந்து வெளியேறிய புள்ளி. பருத்திக் காட்டின் ஓரமாக நேராக. தானியக் கோபுரத்தைத் தாண்டியதும் லேசாக வலது பக்கம் ஒரு சாய்வு. வலது கையை முழுசாக விரிக்க முடியாத ஒருத்திக்குத்தான் அப்படிச் சாயும். அந்தச் சாய்வை இந்த மாதம் முழுக்க நாங்கள் திரையில் பார்த்திருக்கிறோம்.

மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டு பாதியில் நின்றுபோனது.

“புது கார்டு,” என்றாள். “ஏழு மணி நேரம் கழிக்கிற வரியை எழுதவே இல்லை. காதுல சத்தம் போடுற வரியையும் எழுதலை. நேத்து அஞ்சரை மணின்னா கிரீன்விச் நேரத்துல ராத்திரி பன்னெண்டரை. மறுநாள்.”

இத்தனை வருஷமாக எல்லோருடைய கார்டிலும் அவளே எழுதிய வரி. அதனாலேயே அப்படி ஒரு வரி தேவை என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு கடிதத்தையும் வேறு நாளில் சேர்க்காதவள், தன் வாழ்க்கையின் நல்ல குதிப்பை மறுநாள் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாள்.

நொடியைப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இனேஸ்தான் மவுஸை நகர்த்தி இரண்டு உயரங்களையும் குறித்தாள். அறுபத்தொன்று புள்ளி நான்கு.

நான் அழவில்லை. பரிட்டோவில் மிளகாய் அதிகம். மார்லிஸ் மட்டும் வெளிப்படையாக அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், இடது கையால் என் முதுகில் இரண்டு அறை வைத்தாள். இன்றைக்கும் வலிக்கிறது. காரெட்டைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஆனால் பெட்டியைக் கார்க் கண்ணாடிக்குக் கீழே வைத்ததற்குக் கேட்க மாட்டேன் என்றாள். மகள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அம்மா அழுவதைக் கண்டு பயந்து, விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பலகையில் நான்தான் எழுதினேன். மார்லிஸ் ஹாகன், அறுபத்தொன்று புள்ளி நான்கு, ஞாயிற்றுக்கிழமை, இரவு பன்னிரண்டு முப்பத்தொன்று.

“டேய், சனிக்கிழமைனு எழுது. சாயங்காலம்னு எழுது.”

“பெட்டி என்ன சொல்லுதோ அதைத்தானே எழுதணும்? உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

அப்போதுதான் இனேஸ் மேசையிலிருந்து மெதுவாகக் கேட்டாள்:

“மார்லிஸ், நீ இதுக்கு முன்னாடி ராத்திரில குதிச்சிருக்கியா?”

குதித்ததில்லை. திடலில் எல்லோருக்கும் தெரியும். முதல் ராத்திரிக் குதிப்பு என்றால் அதற்குத் தனியாக ஒரு கேஸ். மார்லிஸ் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், விமானத்துக்குள் ஏறிய பிறகு பெட்டியை ஆன் செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற பார்வை. ஆனால் அது நிற்கவில்லை, சிரிப்பு வந்து கலைத்துவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் கடைசி விமானம் இறங்கிய பிறகு, ‘நிமிடத்துக்கு’ என்ற சீட்டைக் கிழித்து, கேஸைக் காலி செய்தோம். காரெட்தான் முதல் கேனைத் திறந்தான். அவனுக்குத்தான் அந்த உரிமை என்று மார்லிஸ் டூசானிலிருந்து போனில் உத்தரவு போட்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. இன்னொரு கேஸை மகள் பின்னால் சுமந்து வந்தாள், முணுமுணுத்துக்கொண்டே. மார்லிஸ் முதலில் பெட்டிகளின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து என்னைத் திட்டினாள். பிறகு கேஸைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். அதன் மேல் இடது கையால் கோணல்மாணலாக எழுதிய ஒரு சீட்டு இருந்தது: ‘ராத்திரிக் குதிப்புக்கு.’ கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்தாள்.